ஊரார் வீட்டு நெய்யும் உலகக் காற்பந்துச் சங்கமும்

காற்பந்து நம் மக்களின் ஆட்டம். தோட்டத்துத் திடலில் வெறுங்காலோடு உதைத்துப் பழகியவர்கள் நாம். நான்கு ஆண்டுக்கு ஒரு முறை உலகக் கிண்ணப் போட்டி வந்துவிட்டால், நடுநிசி வரை கண்விழித்துப் பார்த்துவிட்டு, விடியுமுன் எரிகிற கண்ணோடு பிரட்டுக்குப் போய் நின்றவர்களும் நாமே. அந்த ஆட்டத்தை நடத்துகிறவர்கள் யார், அதனால் குவியும் பணத்தை எப்படிச் செலவு செய்கிறார்கள் என்று கேட்க நமக்குப் பூரண உரிமை உண்டு. "பந்தாட்டத்துக்கும் தொழிற்சங்கப் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கும் அன்பர்களும் இருப்பார்கள். அவர்கள் சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம்.

ஃபிஃபா என்கிற உலகக் காற்பந்துச் சம்மேளனம் 1904-ஆம் ஆண்டு மே 21-ல் பாரிஸ் நகரில் பிறந்தது. 1932 முதல் அதன் தலைமைக் காரியாலயம் சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிச் நகரில் இருக்கிறது. 211 தேசியச் சங்கங்கள் அதன் உறுப்பினர்கள். இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஃபிஃபா ஒரு கம்பெனியல்ல. அதற்குப் பங்குதாரர் கிடையாது. சுவிஸ் சிவில் சட்டத்தின் 60-ஆம் பிரிவு தொடங்கி வரும் விதிகளின்படி அது ஒரு சங்கம்! அந்நாட்டில் ஒரு கிராமத்துப் பாட்டுக் குழு வேண்டுமானாலும் அதே விதிகளின் கீழ்தான் அமையும். சங்கம் என்பதற்காகக் கம்பெனிகளைவிடக் குறைந்த விகிதத்தில் வரி கட்டும் சலுகையும் அதற்கு உண்டு.

ஆகவே, அதுவும் சங்கம், நாமும் சங்கம். ஒரு சங்கத்துக்காரன் இன்னொரு சங்கத்துக்காரனைக் கேட்கும் கேள்வியாகவே இதை எழுதுகிறோம்.

நமது கிளைக் கூட்டங்களில் நடப்பது யாவரும் அறிந்ததே. பொருளாளர் கணக்கு வாசிப்பார். "மாநாட்டுக்கு வேன் வாடகை" என்று ஒரு வரி வரும். உடனே பின்வரிசையிலிருந்து ஓர் அக்காள் எழுந்து, "போனது எத்தனை பேர்? ரசீது எங்கே?" என்பார். பொருளாளர் முகம் சிவக்கும். காகிதக் கட்டைப் புரட்டி ரசீதை எடுத்துக் காட்டிய பிறகுதான் அடுத்த வரிக்குப் போக முடியும். சில வேளைகளில் இந்தக் கேள்விகள் எரிச்சலூட்டுவதும் உண்டு. ஐம்பது காசுக்கு அரைமணி நேரம் வாதம் நடப்பதும் உண்டு. ஆனால் சந்தா கட்டுகிறவன் கேட்கிறான், சந்தாவில் சம்பளம் வாங்குகிறவன் பதில் சொல்கிறான். சங்கம் என்றால் இதுதான்.

சூரிச்சில் அந்த அக்காளுக்கு இடமில்லை.

2019 முதல் 2022 வரையிலான நான்கு ஆண்டுகளில் ஃபிஃபாவுக்கு வந்த வருமானம் 757 கோடி அமெரிக்க டாலர். அந்தக் கால முடிவில் கையிருப்பு 400 கோடி டாலரைத் தொட்டுக்கொண்டு நின்றது. 2023-க்கும் 2026-க்கும் முதலில் போட்ட திட்டம் 1,100 கோடி டாலர்; பிறகு அதை 1,300 கோடியாக உயர்த்தினார்கள். இவ்வளவு பெரிய தொகையைச் சம்பாதித்துத் தருவது யார்? ஆடுகிறவனும், டிக்கெட் வாங்குகிறவனும், தொலைக்காட்சிக்கு மாதக் கட்டணம் கட்டுகிறவனும்தான். நிர்வாகிகள் எவரும் கோல் போட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

அந்த நிர்வாகிகள் உட்கார்ந்து யோசிப்பதற்காக 2007-ல் சூரிச் குன்றின் மேல் ஒரு மாளிகை திறந்தார்கள். செலவு 24 கோடி சுவிஸ் பிராங்க். கட்டடத்தின் பெரும்பகுதி பூமிக்கு அடியில் இருக்கிறது. நிர்வாகக் குழு கூடும் மண்டபமும் பாதாளத்தில்தான். அதன் தரை லாபிஸ் லாசுலி என்னும் நீலக் கல்லால் ஆனது. பகலவன் எட்டிப் பார்க்காத இடத்தில்தான் உலகக் காற்பந்தின் பணப்பெட்டியைத் திறந்து மூடினார்கள். கட்டடக் கலைஞரைக் குறை சொல்லி என்ன பயன், கேட்டவர்களுக்குத் தகுந்தபடி கட்டிக் கொடுத்தார்! பிறகு 2016-ல் அதே நகரில் ஒரு பொருட்காட்சிசாலை. அதற்கு 14 கோடி பிராங்க். இடையில் 2014-ல் தங்கள் பெருமையைத் தாங்களே பாடும் சினிமாப் படம் ஒன்றுக்கும் பணத்தைக் கொட்டினார்கள். அந்தப் படச் செலவின் பெரும்பகுதி ஃபிஃபாவினுடையது. 2015 ஜூனில் அமெரிக்காவில் திரையிட்டபோது முதல் வார இறுதியில் வசூலானது 918 டாலர். நம்மூர்த் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் பழைய படம் காட்டினால்கூட இதைவிட அதிகம் சனம் சேரும்.

"ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். நெய் வேறொருவருடையது என்றால் பரிமாறுகிற கை தாராளமாகத்தான் இருக்கும்.

மூவர் பங்கிட்ட கதை

2015 மே 27 விடியற்காலை சூரிச்சின் பேர்பெற்ற ஹோட்டல் ஒன்றில் ஏழு காற்பந்து அதிகாரிகளைப் போலீசார் கைது செய்தார்கள். அமெரிக்க அரசாங்கம் தொடுத்த வழக்கு அது. இருபத்து நான்கு ஆண்டு காலத்தில் 15 கோடி டாலருக்கு மேல் லஞ்சம் கைமாறியதாகக் குற்றச்சாட்டு. கைதானவர்களைப் பத்திரிகைக்காரர்கள் படமெடுக்காதபடி ஹோட்டல் ஊழியர்கள் வெள்ளைப் படுக்கை விரிப்புகளைத் தூக்கிப் பிடித்து மறைத்தார்கள். அந்த நேரத்திலும் ஐயாமார்களின் மானத்தைக் காக்க ஒரு தொழிலாளியின் கைதான் வேண்டியிருந்தது!

லஞ்சக் கதையை உலகமே பேசியது. ஆனால் நாம் பேச வந்தது லஞ்சத்தையல்ல. லஞ்சம் வெளியிலிருந்து வருவது, பிடிபட்டால் சிறை. சங்கத்தின் சொந்தப் பணத்தை, சங்கத்தின் சொந்தச் செலவுக் கணக்கில், "சம்பளம்", "படி", "வெகுமதி" என்று எழுதி எடுத்துக்கொள்வது அதைவிட நுட்பமான கலை. அதற்குக் கள்ளச் சாவி தேவையில்லை.

2016 ஜூன் 3-ல் ஃபிஃபாவின் வக்கீல்களே ஒரு கணக்கைப் பகிரங்கப்படுத்தினார்கள். தலைவராக இருந்த செப் பிளாட்டர், பொதுச் செயலாளர் ஜெரோம் வால்க், நிதி அதிகாரி மார்க்குஸ் கட்னர் ஆகிய மூவரும் ஐந்தே ஆண்டுகளில் சம்பள உயர்வு, உலகக் கிண்ண வெகுமதி, இதர ஊக்கத்தொகை என்ற பெயர்களில் 7 கோடியே 90 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் பெற்றிருந்தார்கள். சூரிச் ஹோட்டலில் கைது நடந்த நாலாம் நாள், வீடு பற்றியெரியும் வேளையில், கட்னரின் ஒப்பந்தம் 2023 வரை நீட்டிக்கப்பட்டிருந்தது! பணம் கொடுக்கும் சாவி யார் கையில் இருந்ததோ அவரே பணம் வாங்குபவர் வரிசையிலும் நின்றார். தண்டலும் கிராணியும் துரையும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பெயர்போட்டுக் கொண்டால் செக்ரோலில் என்ன இருக்கும்? அதுதான் இருந்தது.

சம்பளமெல்லாம் முறையானது, நியாயமானது என்று பிளாட்டரின் வக்கீல் பதில் சொன்னார். ஆனால் ஃபிஃபாவின் ஒழுங்குக் குழு 2020-ல் கட்னருக்குப் பத்தாண்டும், 2021 மார்ச்சில் பிளாட்டருக்கும் வால்குக்கும் மேலும் ஆறு ஆண்டு எட்டு மாதமும் தடை விதித்தது. நியாயத்துக்காக இதையும் சொல்லிவிடுகிறோம்: பிளாட்டர் 2011-ல் மிஷேல் பிளாட்டினிக்குக் கொடுத்த 20 லட்சம் பிராங்க் பற்றிய வழக்கில் சுவிஸ் நீதிமன்றம் 2022-லும், மேல்முறையீட்டில் 2025-லும் இருவரையும் விடுதலை செய்தது. அது தனி வழக்கு. குற்றமில்லை என்று நீதிமன்றம் சொன்னதை மறைத்து எழுதுவது நம் வழக்கமல்ல.

அத்தனை ஆண்டும் வெளிக் கணக்காய்வாளர்கள் சும்மா இருந்தார்களா? ஆண்டுதோறும் கே.பி.எம்.ஜி. நிறுவனம் கணக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டே வந்தது. 2016 ஜூனில், எல்லாம் வெளியான பிறகு, விலகிக்கொண்டது. கணக்காய்வு முத்திரை இருந்தால் கணக்கு சுத்தம் என்று நம்பும் நம் உறுப்பினர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். முத்திரை கூட்டலைத்தான் சரிபார்க்கும், நியாயத்தைச் சரிபார்க்காது.

வட, மத்திய அமெரிக்கக் காற்பந்துச் சம்மேளனத்தின் பொதுச் செயலாளராக 1990 முதல் 2011 வரை இருந்தவர் சக் பிளேசர். ஃபிஃபா நிர்வாகக் குழுவிலும் உட்கார்ந்தவர். சம்மேளனம் கொண்டுவரும் வருமானத்தில் நூற்றுக்குப் பத்து தமக்கு என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். 1996 முதல் 2011 வரை அவர் பெற்றது 2 கோடி டாலருக்கு மேல் என்று அந்தச் சம்மேளனத்தின் விசாரணைக் குழுவே 2013-ல் கூறியது. நியூயார்க்கின் டிரம்ப் மாளிகையில் ஒரு முழு மாடி காரியாலயம். மேலே அவருக்கு மாதம் 18,000 டாலர் வாடகையில் ஓர் இருப்பிடம். அதுமட்டுமல்ல, அவருடைய பூனைகள் வசிக்க மாதம் 6,000 டாலர் வாடகையில் இன்னொரு வீடு என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. எழுத்துப்பிழையல்ல, தோழர்களே, பூனைகளுக்குத்தான்! ஒரு லயத்து வீட்டில் மூன்று தலைமுறை படுத்தெழுந்த கதையை நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, இந்தப் பூனைகளின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கணக்குக் கேட்டவர்கள் போன வழி

நிற்க. இவையெல்லாம் பழைய கதை, 2016-ல் புதிய தலைவர் வந்தார், எல்லாம் சீராகிவிட்டது என்பார்கள். அதையும் பார்ப்போம்.

2016 பிப்ரவரியில் ஜியானி இன்ஃபான்டினோ தலைவரானார். சீர்திருத்தம் நடந்தது உண்மை. தலைவரின் சம்பளம் ஆண்டறிக்கையில் அச்சாகத் தொடங்கியது. அதற்கு முன் பதினேழு ஆண்டு தலைவராக இருந்த பிளாட்டர் என்ன வாங்கினார் என்பதே உலகத்துக்குத் தெரியாது. 2015-ஆம் ஆண்டுக்கு மட்டும் 36 லட்சம் பிராங்குக்கு மேல் என்று முதன்முதலாக அப்போதுதான் தெரிந்தது. இருபத்தாறாக இருந்த நிரந்தரக் குழுக்களை ஒன்பதாகக் குறைத்தார்கள். இவற்றை நாம் பாராட்டுகிறோம்.

ஆனால் அதே ஆண்டு மே மாதம் மெக்சிகோவில் கூடிய மகாசபையில் வேறொன்றும் நடந்தது. கணக்காய்வுக் குழு, ஒழுங்குக் குழு ஆகிய சுயேச்சைக் குழுக்களின் உறுப்பினர்களை நியமிக்கவும் நீக்கவும் ஓராண்டுக்கு நிர்வாக சபைக்கே அதிகாரம் தரும் தீர்மானம் நிறைவேறியது. கண்காணிக்கப்படுகிறவனே கண்காணிப்பவனை நீக்கலாம்! கணக்காய்வுக் குழுவின் தலைவர் டொமெனிக்கோ ஸ்காலா மறுநாளே ராஜினாமாச் செய்தார். தலைவரின் சம்பளத்தை நிர்ணயிக்கும் பொறுப்பும் அவரிடந்தான் இருந்தது. ஆண்டுக்கு 20 லட்சம் பிராங்குக்குச் சற்றுக் குறைவாக அவர் குறித்த தொகை தம்மை அவமதிப்பதாகப் புதிய தலைவர் சொன்னார் என்று ஜெர்மன் பத்திரிகை ஒன்று எழுதியது. கடைசியில் 15 லட்சம் பிராங்கில் ஒப்பந்தமானது என்பதையும் நாம் குறிப்பிட வேண்டும். ஆனால் அந்தப் பதினைந்து அங்கேயே நிற்கவில்லை.

மறு ஆண்டு, 2017 மே மாதம், பஹ்ரேனில் மகாசபை. ஒழுங்குக் குழுவின் விசாரணைத் தலைவர் கொர்னெல் போர்பெலி, தீர்ப்புத் தலைவர் ஹான்ஸ் யோக்கிம் எக்கர்ட், நிர்வாக ஒழுங்குக் குழுவின் தலைவர் மிகுவெல் மதுரோ ஆகிய மூவரின் பதவியும் புதுப்பிக்கப்படவில்லை. நூற்றுக்கணக்கான விவகாரங்கள் விசாரணையில் கிடக்கின்றன என்று போர்பெலியும் எக்கர்ட்டும் பத்திரிகையாளரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு கிளையில் கணக்கு ஆய்வாளர் மூவரையும் ஒரே நாளில் மாற்றினால் நாம் என்ன நினைப்போம்? "என்னமோ நடந்திருக்கிறது" என்று நினைப்போம். அப்படி நினைப்பது பாவமில்லை.

பிறகு சம்பளம் வளர்ந்தது. 2023-ஆம் ஆண்டுக்குத் தலைவர் பெற்ற அடிப்படைச் சம்பளம் 26 லட்சம் பிராங்க். வெகுமதி 16 லட்சத்து 50 ஆயிரம் பிராங்க். இரண்டும் சேர்ந்து 42 லட்சத்து 50 ஆயிரம். நாள் ஒன்றுக்கு வகுத்தால் 11,600 பிராங்குக்கு மேல். ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்துத்தான் வகுத்தோம். வெகுமதி எதற்கு என்பதுதான் நமக்கு விளங்கவில்லை. கம்பெனி மேனேஜருக்கு லாபத்தில் வெகுமதி என்றால் அது முதலாளி வழக்கம். லாபநோக்கமில்லாத சங்கத்தின் தலைவர், போட்டி நடந்தது என்பதற்காக வெகுமதி வாங்குவது எந்தச் சங்கத்து வழக்கம்?

தலைவரைத் தவிர்த்து நிர்வாக சபையில் 36 பேர். ஆளுக்கு ஆண்டுக்கு 2,50,000 டாலர். உபதலைவர்களில் சிலருக்கு இன்னும் அதிகம். குறைந்த கணக்குப் பார்த்தாலும் வருஷத்துக்கு 90 லட்சம் டாலர். இவர்கள் முழுநேர ஊழியர்களல்லர். ஆண்டுக்குச் சில தடவை கூடிக் கலைபவர்கள். பெரும்பாலோருக்குச் சொந்த நாட்டிலோ கண்டச் சம்மேளனத்திலோ வேறு பதவியும் உண்டு. விமானமும் ஹோட்டலும் தனி.

ஒன்பதாகக் குறைந்து, பின் ஏழான குழுக்கள்? 2024 மே 17-ல் பாங்காக்கில் கூடிய மகாசபை அவற்றை 35 ஆக்கியது! பிளாட்டர் காலத்தில் இருபத்தாறு இருந்ததே அநியாயம் என்று சொல்லித்தான் சீர்திருத்தம் செய்தார்கள். எட்டாண்டுக்குள் அதையும் தாண்டிவிட்டார்கள். நூற்றுக்கணக்கான நாற்காலிகள் புதிதாக முளைத்தன. எல்லா நாட்டாருக்கும், பெண்களுக்கும் இடம் கிடைக்கும் என்று காரணம் சொன்னார்கள். நல்ல காரணந்தான். ஆனால் நாற்காலியை யார் யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கிறவர் யார் என்பதே நம் கேள்வி. பாரிசில் ஒரு காரியாலயம், அமெரிக்காவில் மையாமிப் பக்கம் ஒரு காரியாலயம், 2025 ஜூலையில் நியூயார்க் டிரம்ப் மாளிகையிலும் ஒரு காரியாலயம். அதே மாளிகைதான், பூனைகளை மட்டும் காணோம்.

வாக்கு எங்கே விளைகிறது

இனி விஷயத்தின் வேருக்கு வருவோம். இவ்வளவையும் 211 சங்கங்கள் ஏன் பொறுத்துக்கொள்கின்றன? 2019-ல் பாரிசிலும், 2023-ல் கிகாலியிலும் இன்ஃபான்டினோவை எதிர்த்து ஒருவர்கூட நிற்கவில்லை. கைதட்டலிலேயே தேர்தல் முடிந்தது. உலகத்தில் காற்பந்தைப் பற்றிக் கருத்து வேறுபாடே இல்லாமற் போய்விட்டதா?

ஃபிஃபாவில் நாட்டுக்கு ஒரு வாக்கு. ஐயாயிரம் பேர்கூட இல்லாத மொன்செராட் தீவுக்கும் ஒன்று, சீனாவுக்கும் ஒன்று. இந்தச் சமத்துவத்தை நாம் குறை சொல்ல மாட்டோம். சிறியவனுக்கும் பெரியவனுக்கும் ஒரே வாக்கு என்பது நம் கொள்கைதான். ஆனால் பணம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். நம் சங்கத்தில் சந்தா கீழேயிருந்து மேலே போகிறது. கிளை கட்டுகிறது, தலைமை வாங்குகிறது. ஆகவே கிளை கேட்கிறது, தலைமை பதில் சொல்கிறது. ஃபிஃபாவில் பணம் மேலேயிருந்து கீழே வருகிறது. 2023–2026 காலத்துக்கு ஒவ்வொரு தேசியச் சங்கத்துக்கும் 80 லட்சம் டாலர் வரை. அதில் 50 லட்சம் வரை அன்றாட நடப்புச் செலவுக்கு. அதாவது சம்பளம், வாடகை, பயணம், காரியாலயம். வாக்குப் போடுகிறவனின் வீட்டுச் செலவை வாக்குக் கேட்கிறவன் தருகிறான். தலைமைச் செயலகத்திலிருந்து கிளைச் செயலாளருக்கு மாதச் சம்பளம் வந்தால், அந்தக் கிளைச் செயலாளர் எழுந்து "ரசீது எங்கே?" என்று கேட்பாரா?

"வளர்ச்சிக்குத்தானே கொடுக்கிறோம்" என்கிறார்கள். திடல்கள் உருவாகின்றன, பள்ளிப் பிள்ளைகள் ஆடுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் 2023-ல் ஜமைக்கா நாட்டுப் பெண்கள் அணி உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றும், தயாராவதற்குப் பணமில்லாமல், ஒரு வீராங்கனையின் தாய் பொதுமக்களிடம் நன்கொடை திரட்ட வேண்டியதாயிற்று. ஜமைக்காச் சங்கமும் ஃபிஃபாவின் பணம் பெறும் 211-ல் ஒன்றுதான். காரியாலயம் வரை வந்த பணம் காலணி வரை வரவில்லை.

"நிர்வாகச் செலவு மொத்த வருமானத்தில் சிறு பங்குதான்" என்பது அவர்களுடைய மற்றொரு வாதம். தேனெடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். தோழர்களே, விகிதக் கணக்கு என்பது பழைய தந்திரம். ரப்பர் விலை ஏறியபோது "கூலி விகிதம் பார்" என்றும், இறங்கியபோது "மொத்தத் தொகை பார்" என்றும் சொன்னவர்களை நாம் அறிவோம். 1,300 கோடியில் நூற்றுக்கு ஒன்று என்றாலே 13 கோடி டாலர். புறங்கை எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்தது அது.

கத்தார் வெயிலில்

2022 உலகக் கிண்ணத்துக்காகக் கத்தார் நாட்டில் திடல்களும் சாலைகளும் ரயில் பாதையும் எழுப்பியவர்கள் இந்தியர், நேப்பாளத்தார், வங்காளதேசத்தார், இலங்கையர், ஆப்பிரிக்கர். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்தும் ஈழத்திலிருந்தும் போன நம்மவர்களும் உண்டு. ஏஜெண்டிடம் கடன்பட்டுக் கப்பலேறிய நம் பாட்டன்மாரைப் போலவே, இவர்களும் ஏஜெண்டிடம் கடன்பட்டு விமானமேறியவர்கள். திடல் வேலையில் விபத்தால் மாண்டவர் மூவர் என்று ஒரு கணக்குச் சொன்னார்கள். போட்டி நடந்துகொண்டிருந்த 2022 நவம்பரில், ஏற்பாட்டுக் குழுவின் தலைமை அதிகாரியே ஒரு பேட்டியில், போட்டி தொடர்பான வேலைகளில் இறந்தவர் 400-க்கும் 500-க்கும் இடையில் என்றார். மூன்று எங்கே, ஐந்நூறு எங்கே! ஊழியரின் உயிர்க் கணக்குக்கு ஏன் ஒரு கணக்காய்வாளர் இல்லை?

கத்தாரில் 2021 மார்ச் முதல் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 ரியால். ஒரு டாலருக்கு 3.64 ரியால். நிர்வாக சபை உறுப்பினர் ஒருவர் ஓராண்டில் வாங்கும் 2,50,000 டாலரைச் சம்பாதிக்க, அந்தத் தொழிலாளி 910 மாதம் உழைக்க வேண்டும். எழுபத்தைந்து ஆண்டு, பத்து மாதம். இருபது வயதில் போனவன் தொண்ணூற்றைந்தைத் தாண்டித் திரும்புவான், வெயில் அவனை விட்டுவைத்தால்.

போட்டிக்கு முன்பே, 2022 மே மாதத்தில், ஆம்னெஸ்டி முதலிய மனித உரிமை அமைப்புகள் ஒரு கோரிக்கை வைத்தன. அணிகளுக்குக் கொடுக்கும் பரிசுத் தொகை 44 கோடி டாலர். அதற்கு ஈடான தொகையை, பாதிக்கப்பட்ட தொழிலாளருக்கும் மாண்டவர் குடும்பத்துக்கும் ஒதுக்குங்கள் என்றன. உலகக் கட்டட, மரத் தொழிலாளர் சம்மேளனம் வெளிநாட்டுத் தொழிலாளருக்கென்று ஒரு நிலையம் கேட்டது. ஃபிஃபா இரண்டாண்டு யோசித்தது. 2024 நவம்பரில் 5 கோடி டாலரில் ஒரு நிதியை அறிவித்தது. அது உலகச் சுகாதார ஸ்தாபனம், அகதிகள் ஆணையம், உலக வர்த்தக ஸ்தாபனம் ஆகியவற்றோடு சேர்ந்து செய்யும் நற்பணிகளுக்காம். கடும் வெயிலில் வேலை செய்வோரைப் பாதுகாக்கும் முயற்சிக்கும் அதில் பங்குண்டு, நல்லதே. ஆனால் விதவையான எந்தப் பெண்ணின் கைக்கும் அதிலிருந்து ஒரு காசு போக வழியில்லை. தொழிலாளருக்குப் பரிகாரம் செய்ய ஃபிஃபாவுக்குப் பொறுப்புண்டு என்று அதன் சொந்த உபகுழு சொன்ன அறிக்கை, நிதி அறிவிப்புக்குப் பிறகுதான் வெளியே வந்தது.

கையிருப்பில் பணமில்லை என்றால் நாம் இதை எழுதியிருக்க மாட்டோம்.

நம் வாசலிலும்

சூரிச் தூரம் என்று எண்ண வேண்டாம். ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் தலைமை இல்லம் நம் கோலாலம்பூர், புக்கிட் ஜாலிலில் இருக்கிறது. புக்கிட் ஜாலில் எப்படிப்பட்ட இடம் என்பது நமக்குத் தெரியும். அங்கே ரப்பர்த் தோட்டம் இருந்தது. அந்தத் தோட்ட நிலத்தில்தான் 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகத் தேசிய விளையாட்டுத் திடல் எழுந்தது. அங்கே வாழ்ந்த தோட்டக் குடும்பங்கள் வீட்டுமனைக்காக 2011-லும் போராடிக்கொண்டிருந்தன. துங்கு அப்துல் ரகுமான் 1958 முதல் 1977 வரை தலைவராக இருந்த சம்மேளனம் அது. நெகிரி செம்பிலானில் பிறந்த நம்மவர் டத்தோ பீட்டர் வேலப்பன் 1978 முதல் 2007 வரை அதன் பொதுச் செயலாளராக இருந்து அதை வளர்த்தார் என்பதில் நமக்குப் பெருமையுண்டு.

அதே சம்மேளனத்தின் தலைவராக 2002 முதல் 2011 வரை இருந்த முகம்மது பின் ஹம்மாமின் காலத்துக் கணக்கை வெளி நிறுவனம் ஒன்று ஆய்ந்தபோது, சங்கத்தின் கணக்கு வழியாகத் தலைவரின் சொந்தச் செலவுகளும் போய்வந்தது தெரிந்தது. 2012 ஜூலையில் அவரை இடைநீக்கம் செய்தார்கள். டிசம்பரில் ஃபிஃபா ஆயுள் தடை விதித்தது. முந்திய லஞ்சப் புகாரில் விதித்த தடையை விளையாட்டு நடுவர் மன்றம் ஆதாரம் போதாதென்று ரத்துச் செய்திருந்தது என்பதையும், அவர் எல்லாவற்றையும் மறுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். நமக்கு வேண்டியது ஆள் அல்ல, வழக்கம். தோட்ட நிலத்தின் மேல் நிற்கும் கட்டடத்தில் தலைவர் கணக்கும் சங்கக் கணக்கும் ஒரே பெட்டியில் கலந்து கிடந்தன, ஆண்டுக்கணக்கில் ஒருவரும் கேட்கவில்லை.

மலேசியக் காற்பந்துச் சங்கமும் ஃபிஃபாவின் 211-ல் ஒன்று. அதன் வாக்கு நம் நாட்டின் பெயரால் போடப்படுகிற வாக்கு. ஆகவே அந்தச் சங்கத்தாரை நாம் பகிரங்கமாகக் கேட்கிறோம். பாங்காக்கில் குழுக்களை ஏழிலிருந்து முப்பத்தைந்தாக்கும் தீர்மானம் வந்தபோது நம் பிரதிநிதிகள் எப்படி வாக்களித்தார்கள், என்ன பேசினார்கள்? ஃபிஃபாவிடமிருந்து 2023 முதல் வந்த தொகை எவ்வளவு, அதில் காரியாலயத்துக்குப் போனது எவ்வளவு, மாநிலத் திடல்களுக்கும் பெண்கள் அணிக்கும் போனது எவ்வளவு? நிர்வாக சபை உறுப்பினர் ஒவ்வொருவரின் பயணச் செலவையும் பெயர் போட்டு ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டும் என்று அடுத்த மகாசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவருவார்களா? கத்தாரில் மாண்டவர் குடும்பங்களுக்கு நேரடி நஷ்டஈடு என்ற கோரிக்கைக்கு அவர்கள் ஆதரவா, எதிர்ப்பா?

கேள்விகள் நாலு, கடினமானவையல்ல. சங்கத்தார் எழுத்து மூலம் தரும் பதிலை, எத்தனை பக்கமானாலும், வெட்டாமல் இதே இடத்தில் வெளியிடுகிறோம்.